அஞ்சு செடிக் கணக்கு

டிசம்பர் 18, வியாழன்

இன்னிக்கு ஒரு மனுஷன் என் மதியச் சாப்பாட்டைக் கெடுத்துட்டார். பேர் ஜெபசிங். புள்ளியியல்காரர். கல்லூரியிலிருந்து எங்க ஆராய்ச்சி நிலையத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு மாசம்கூட ஆகல. வந்தவர் தன் நாற்காலி ஆடுதா, மின்விசிறி சுத்துதான்னு பார்த்துக்கிட்டு உட்காரலாம்ல. நேரா என் எள்ளு வயலுக்கு வந்துட்டார்.

பாத்திக்கு அஞ்சு செடின்னு உயரம் அளந்துக்கிட்டிருந்தோம். வயல்வேலைக்கு வர்ற பொம்பளைகளுக்கு மேஸ்திரி மாதிரி இருக்கிற முத்துப்பேச்சியக்கா அளவுகோலைப் பிடிக்க, நான் குறிச்சுக்கிட்டே போனேன். அவர் வரப்புல நின்னு கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டார்.

"ஏன் மேடம் அஞ்சு?"

"எப்பவும் அஞ்சுதான் சார்."

"அது சரி. ஏன் அஞ்சு?"

பதினோரு வருஷமா எள்ளுக்குப் பின்னாடி அலையறவ நான். முனைவர் பட்டம் வேற. கையில அஞ்சு விரல் இருக்குல்ல, அதான்னு சொல்லிட்டு அடுத்த பாத்திக்கு நடந்துட்டேன். முத்துப்பேச்சியக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அந்த ஆள் சிரிக்கல. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னத்தையோ எழுதிக்கிட்டார்.

புளிக்குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. பாதியிலேயே கையைக் கழுவிட்டேன். ஏன் அஞ்சு?

டிசம்பர் 19, வெள்ளி

பருத்திப் பிரிவுல விசாரிச்சேன்: அஞ்சு. கம்பு: அஞ்சு. சோளத்துல மட்டும் பத்து. ஏன்னு கேட்டா "சோளம்லா" என்கிறாங்க. ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு மட்டும்தான் தெரியாதுன்னு நேத்து முழுக்க வெந்துக்கிட்டிருந்தேன், அது போச்சு.

டிசம்பர் 22, திங்கள்

இந்த டைரி பிற்காலத்துல யார் கையிலயாவது சிக்குனா அவங்களுக்குப் புரியணுமேன்னு இதை எழுதி வைக்கிறேன். யார் படிக்கப் போறா? இருந்தாலும்.

எள்ளுல பெரிய தொல்லை, காய் வெடிக்கிறது. முத்துனதும் காயோட நுனி பிளந்துக்கும். காத்து அடிச்சா, ஆள் உரசினா, விதை அத்தனையும் தரையில. அதனால கீழ்க்காய் பழுப்பாகிற சமயம் பார்த்து அறுத்தே ஆகணும். ஊர் முழுக்க ஒரே சமயத்துல அறுப்பு, ஆளுக்கு எங்க போறது? எள்ளே வேண்டாம்னு மக்காச்சோளத்துக்குப் போனவங்கதான் அதிகம்.

நான் உருவாக்கின முப்பத்திரண்டாம் எண் ரகம் வெடிக்காது. அதுதான் அதோட ஒரே பெருமை. விளைச்சல் பழைய ரகத்தளவுதான், எண்ணெயும் அதே அளவுதான். ஆனா காய் முத்திக் காய்ஞ்ச பிறகும் இறுக மூடியே இருக்கும், களத்துல தட்டினாத்தான் கொட்டும். வயல் பொம்பளைக அதுக்கு 'அழுத்தக்காரி'ன்னு பேர் வச்சிருக்காங்க. வாயிலிருந்து ஒண்ணு வாங்க முடியாதாம். எனக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

இந்த வருஷம்தான் கடைசிச் சோதனை. பிப்ரவரி பத்துக்குள்ள ரக வெளியீட்டுக் குழுவுக்கு விண்ணப்பம் போகணும். போகலன்னா எள்ளுத் திட்டத்தையே மூடிடுவோம்னு தலைமையிடத்துல எழுத்துல கொடுத்துட்டாங்க. என்னைப் பருத்திக்கு அனுப்புவாங்க. பருத்தி மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல. ஆனா பதினோரு வருஷம்.

முத்துப்பேச்சியக்கா இன்னிக்கு, அழுத்தக்காரி முத்தின பிறகு எத்தனை நாள் நின்னாலும் தாங்குமான்னு கேட்டாங்க. தாராளமா நிக்கும்னேன். அவங்களுக்கு என் ரகத்து மேல என்னைவிட அக்கறை.

டிசம்பர் 27, சனி

யாருக்கும் சொல்லாம ஒரு வேலை பண்ணேன். வயல்ல ஆளே இல்ல. அழுத்தக்காரியோட ஒரு பாத்தியை எடுத்துக்கிட்டு, அஞ்சு இல்ல, இருந்த செடி அத்தனையையும் அளந்தேன். உயரம் ஒரு சீட்டுல, கிளை எண்ணிக்கை இன்னொரு சீட்டுல. இடுப்பு போச்சு.

வீட்டுக்கு வந்து உயரச் சீட்டையெல்லாம் தூக்குவாளியில போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு எடுத்துச் சராசரி போட்டேன். திரும்பப் போட்டுக் குலுக்கி இன்னொரு அஞ்சு. சராசரி அங்கயும் இங்கயும் கொஞ்சம் ஆடுச்சு, பெருசா இல்ல. பத்து பத்தா எடுத்தப்போ ஆட்டம் குறைஞ்சுது. பதினஞ்சுக்கு மேல எடுத்தும் பிரயோஜனம் இல்ல, அதே எண்ணுதான் வருது.

அப்புறம் கிளைச் சீட்டு. அஞ்சு எடுத்தா ஒருதரம் ரெண்டு கிளைங்குது, அடுத்ததரம் அஞ்சுக்கு மேலங்குது. அதே பாத்தி, அதே செடிகதான்! முப்பது, நாற்பதுன்னு எடுத்த பிறகுதான் அடங்குச்சு. ஆக, அஞ்சுங்கிறது உயரத்துக்கு ஏறக்குறையப் பரவாயில்ல, கிளைக்குச் சுத்தமா ஆகாது. செடிக்குச் செடி எவ்வளவு வித்தியாசப்படுதோ, அத்தனைக்கு அதிகமா எண்ணணும். கேட்டா எவ்வளவு எளிமையா இருக்கு. எல்லா குணத்துக்கும் ஒரே அஞ்சுன்னு இத்தனை வருஷமா ஓட்டிருக்கோம்.

குழந்தை மாதிரி சந்தோஷமா இருந்தேன். சோறு வைக்கவே மறந்துபோச்சு.

டிசம்பர் 29, திங்கள்

தூக்குவாளி விஷயத்தை ஜெபசிங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சொல்லிட்டேன். அவர் கம்ப்யூட்டர்ல செய்யறதை நான் கையால செஞ்சிருக்கேனாம். குத்தலாச் சொல்றாரோன்னு பார்த்தேன், இல்ல. சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, ஆய்வகத்துத் தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து தானும் எடுத்துப் பார்த்தார். நல்ல சட்டை போட்டிருந்தார், தரை முழுக்கப் புழுதி.

கடைசியில மெதுவா ஒரு கேள்வி போட்டார். வெடிக்கிற குணத்தையும் அஞ்சு செடியிலதான் பார்த்தீங்களா?

ஆமான்னேன். நாலு பாத்தி, பாத்திக்கு அஞ்சு, மூணாவது வருஷம் இது. தலைகீழாத் தொங்கவிட்டு உலுக்குறோம், ஒரு விதை விழாதுன்னு கொஞ்சம் திமிராவே சொன்னேன். அறுப்பு முடியட்டும், சேர்ந்து பார்க்கலாம்னார்.

எதுக்குச் சேர்ந்து பார்க்கணும்?

ஜனவரி 2, வெள்ளி

வயல்ல காயெல்லாம் பருத்து நிக்குது. முத்துப்பேச்சியக்கா, "இங்க பரவாயில்ல, அங்க முந்திக்கிட்டு மஞ்சளாயிருச்சு"ன்னாங்க. எங்கன்னு கேட்டேன். பக்கத்து ஊர்ல யாரோ போட்டிருக்காங்கன்னு சொல்லிட்டு வெடுக்குன்னு களைக்குச்சியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க மகளுக்கு இது மாசம். நினைப்பு அங்க இருக்கும்.

ஜனவரி 8, வியாழன்

சீட்டு கட்டுற நாள். அறுப்புக்கு முன்னால பாத்திக்கு அஞ்சு செடியில அட்டைச் சீட்டைக் கட்டிவிட்டா, அதை மட்டும் வேரோட பிடுங்கி ஆய்வகத்துல தொங்கவிடுவோம். மிச்சம் களத்துக்குப் போகும். நான் ஆபீஸ்ல சீட்டுக்கு எண் போட்டுக் கொடுக்க, முத்துப்பேச்சியக்காவோட குழு கட்டி முடிச்சிருச்சு. ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். நான் போய் நிக்கவேண்டிய அவசியமே இருந்ததில்ல, அவ்வளவு சுத்தமா வேலை செய்வாங்க.

நாளையிலிருந்து அவங்க லீவு. மகளைப் பாளையங்கோட்டையில சேர்க்கப் போறாங்க. கிளம்பும்போது மறுபடி அதே கேள்வி: அழுத்தக்காரியை அறுக்காம விட்டா எதுவும் ஆகாதே?

"ஒரு மாசம் நின்னாலும் வாயைத் திறக்க மாட்டா. போய் மகளைப் பாருங்க"ன்னேன். அப்படி ஒரு நிம்மதி அவங்க முகத்துல. என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

ஜனவரி 13, செவ்வாய்

இருபது செடியையும் தலைகீழாக் கட்டி உலுக்கியாச்சு. ஒரு காய் திறக்கல. பக்கத்துல தொங்கின பழைய ரகம் பாதிக்கு மேல கொட்டிருச்சு.

மூணு வருஷமும் சேர்த்து அறுபது செடி. அறுபதும் மூடியே இருந்துச்சுன்னு ஜெபசிங்கிட்ட கணக்கை நீட்டினேன். அவர் ஏதாவது குறை சொன்னா சண்டை போடணும்னு தயாராத்தான் போனேன். ஆனா அந்த மனுஷன் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, எண்ணிக்கை போதும் மேடம்னார். அறுபதுல ஒண்ணுகூட வெடிக்கலன்னா, நூத்துக்கு அஞ்சுக்கு மேல வெடிக்கிற செடி இருக்க வாய்ப்பே குறைவாம். நீங்க ஜெயிச்சீங்கன்னு கையும் கொடுத்தார்.

சந்தோஷத்துல ஒரு காரியம் பண்ணேன். மூணு பாத்திதான் அறுத்திருந்தோம், நாலாவது பாத்தியை அறுக்கவேண்டாம்னுட்டேன். பொங்கல் கழிஞ்சு நிலையத் தலைவர் வந்து பார்க்கட்டும், படம் எடுத்து விண்ணப்பத்துல சேர்க்கலாம். எல்லாரும் அறுத்து முடிச்ச பிறகும் ஒரு பாத்தி மட்டும் கம்பீரமா நிக்கும்ல.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தம்பி வீட்டுக்கு வரச்சொன்னான், போகல. ஒரு முழுக் கரும்பை ஒத்தையாக் கடிச்சுத் தீர்த்தேன். ஜெபசிங் போன்ல வாழ்த்துச் சொன்னார். அவர் வீட்டுல பொங்கல் கிடையாதே, எதுக்குச் சொல்லணும்?

ஜனவரி 19, திங்கள்

காலையில காமிராவோட வயலுக்குப் போனேன். நல்லவேளை, தலைவரைக் கூட்டிட்டுப் போகல.

கரிசல் மண்ணுல வெள்ளை எள்ளு சிதறிக் கிடந்துச்சு. முதல்ல பக்கத்துப் பாத்தியிலிருந்து காத்துல வந்ததுன்னு நினைச்சேன். பக்கத்துப் பாத்திகளை அறுத்து எத்தனை நாளாச்சு. எலியான்னு பார்த்தேன். எலி காயைக் கடிக்கும், நுனியை மட்டும் நேர்த்தியாப் பிளந்து வைக்காது.

உட்கார்ந்து எண்ணினேன். நூத்து முப்பத்தொரு செடி. ஐம்பத்து மூணு திறந்து கிடக்கு. பத்துல நாலு.

மிச்ச ஆறுல காய் கல்லு மாதிரி மூடியிருக்கு. ஒரே பாத்தி, ஒரே விதை. பதினோரு வருஷ வேலை போச்சேன்னு இருந்துச்சு. அதே நேரத்துல, சத்தியமாச் சொல்றேன், உள்ளுக்குள்ள ஒரு குறுகுறுப்பும் இருந்துச்சு. அப்போ அந்த அறுபது செடி எங்கேயிருந்து வந்துச்சு?

சாயந்திரம் அதே தூக்குவாளி. வெடிச்ச செடிக்குத் தட்டாம்பயறு, மூடினதுக்கு மொச்சை, வயல்ல இருந்த அதே எண்ணிக்கை. கண்ணை மூடி அஞ்சு அஞ்சா எடுத்தேன். அஞ்சும் மொச்சையா வர்றது அபூர்வமாயிருக்கு. கை வலிக்கிற வரைக்கும் எடுத்தேன், ரெண்டே தடவைதான் வந்துச்சு. என் கணக்குல மூணு வருஷமா, பன்னிரண்டு பாத்தியிலும், ஒவ்வொரு தடவையும் அஞ்சும் மொச்சை.

ஜெபசிங்குக்குப் போன் பண்ணேன். எண்ணிக்கை போதுமான்னுதான் பார்த்தேன், எடுத்த விதத்தைக் கேட்கவே இல்லையேன்னு தன்னையே நொந்துக்கிட்டார். என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

ஜனவரி 20, செவ்வாய்

முத்துப்பேச்சியக்கா இன்னும் லீவுல. அவங்க குழுவுல இருக்கிற மாடத்தியைக் கூப்பிட்டேன். நிக்கிற அந்தப் பாத்தியிலேயே அஞ்சு சீட்டைக் கையில கொடுத்து, எப்பவும் கட்டுற மாதிரி கட்டச் சொன்னேன். வேற ஒரு வார்த்தை பேசல.

மாடத்தி வரிசைக்குள்ள இறங்கினா. முதல் செடி திறந்திருந்துச்சு, தாண்டினா. அடுத்ததும் அப்படியே. மூணாவதைத் தொட்டுப் பார்த்து, காய் மூடியிருக்கவும் சீட்டைக் கட்டினா. அஞ்சு சீட்டையும் அப்படியே, யோசிக்காம, பழக்கத்துல கட்டி முடிச்சா. நான் குரலைச் சாதாரணமா வச்சுக்கிட்டு, ஏன் இந்தச் செடியை விட்டேன்னு கேட்டேன்.

"அதுதான் கொட்டிப்போச்சே. அதுல எண்ணுறதுக்கு என்னம்மா இருக்கு?"

எவ்வளவு நியாயமான பதில். விதை எண்ணத்தானே செடி வேணும், விதை இல்லாத செடி எதுக்கு? அறுப்புச் சமயத்துல வெடிக்கிற செடியில கீழ்க்காய் ஒண்ணு ரெண்டு வாயைப் பிளக்க ஆரம்பிச்சிருக்கும். அதைப் பார்த்ததும் நல்ல மனசோட தாண்டியிருக்காங்க. பழைய ரகத்துல எல்லாச் செடியும் அப்படித்தான், தாண்ட வழியில்ல. என் ரகத்துல தாண்ட இடம் இருந்துச்சு. வெடிக்குதான்னு பார்க்கிற சோதனைக்கு, வெடிக்காததை மட்டும் பொறுக்கி எனக்குக் கொடுத்திருக்காங்க. இப்படி எடுத்தா அறுபது என்ன, ஆறாயிரம் செடி எடுத்தாலும் எல்லாம் மூடித்தான் இருக்கும்.

விளைச்சல்லயும் தெரிஞ்சிருக்காது. நாங்க எப்பவும் பழைய ரகத்தோட சேர்த்து முன்கூட்டியே அறுத்துடறோம். அழுத்தக்காரியை இதுக்கு முன்னால யாரும் நிக்கவச்சுப் பார்த்ததே இல்ல. ஆரம்ப வருஷங்கள்ல ஒவ்வொரு செடியா நானே பார்த்தப்போ சுத்தமாத்தான் இருந்துச்சு. அப்புறம் தேனீ பக்கத்துப் பாத்தி மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்திருக்கும்.

மாடத்திக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

தலைவர் கோமதிநாயகம் சார்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மே மாசம் ஓய்வு பெறப்போறவர், நல்லவர், எனக்காகத் தலைமையிடத்துல எத்தனையோ தடவை வாதாடியிருக்கார். கடைசி வரைக்கும் கேட்டார். மூணு வருஷக் கணக்கு பதிவாகியிருக்கு, அதுல யாரும் ஒரு எண்ணைக்கூட மாத்தி எழுதல, வழக்கமான முறையிலதான் எடுத்திருக்கோம்னார். ரகம் வெளியாகட்டும், விதை பெருக்கும்போது வெடிக்கிற செடியைக் களைஞ்சு சுத்தம் பண்ணிக்கலாம். திட்டத்தை மூடிட்டா எதை வச்சும்மா சுத்தம் பண்ணுவே?

அவர் சொல்றது தப்புன்னு என்னால சொல்ல முடியல.

ஜனவரி 28, புதன்

விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். 'முதிர்ந்த பின்னும் காய் வெடிப்பதில்லை. மாதிரி: அறுபது செடிகள்.' ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன்.

ஜெபசிங் எதிர்ல வந்தார். நான் பின்வாசல் வழியாப் போயிட்டேன். அவருக்கு ஏதோ வேலை இருந்திருக்கும், எனக்கும் வேலை இருந்துச்சு.

ஜனவரி 31, சனி

முத்துப்பேச்சியக்காவுக்குப் பேத்தி பிறந்து, வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு மாடத்தி சொன்னா. ரெண்டு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு கவுனும் வாங்கிக்கிட்டு அவங்க ஊருக்கு பஸ் ஏறினேன். வீட்டுல மகளும் குழந்தையும்தான் இருந்தாங்க. அம்மா காட்டுல இருக்காங்கன்னு மக சொன்னா.

கண்மாய்க்கு அந்தப் பக்கம், அரைக் குறுக்கம் நிலம், அரை ஏக்கர் தேறும். தூரத்திலிருந்து பார்த்தப்போ புரியல. பக்கத்துல போனதும் தெரிஞ்சுபோச்சு. அழுத்தக்காரி. பூராவும் அழுத்தக்காரி. களத்தைக் கூட்டுற பொம்பளைக தூசியோட கிடக்கிற எள்ளை எடுத்துக்கிறது எங்க நிலையத்துல வழக்கம், அதை யாரும் கேட்கிறதில்ல. முப்பத்திரண்டாம் எண் தட்டின களத்துக் கூட்டலை மட்டும் தனியாச் சேர்த்து, புடைச்சு, விதைச்சிருக்காங்க.

அவங்க குத்தவச்சு உட்கார்ந்து விளக்குமாத்தால மண்ணைக் கூட்டிச் சொளகுல அள்ளிக்கிட்டிருந்தாங்க. பாதி மண்ணு, பாதி எள்ளு. கரிசல் வெடிப்புக்குள்ள இறங்கினதை எந்தச் சொளகு எடுக்கும்? எறும்பு சாரை சாரையாத் தூக்கிக்கிட்டுப் போகுது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருச்சு, கேட்காம விதை எடுத்ததுக்காக முதல்ல மன்னிப்புக் கேட்டாங்க. நான் அப்படியே வரப்புல உட்கார்ந்துட்டேன். கூட்டல் எள்ளுதானே, வேற ரகம் கலந்திருக்கும்னு ஒரு நிமிஷம் மனசு துள்ளுச்சு. ஆனா கண்ணு தானா எண்ண ஆரம்பிச்சிருச்சு. ஒரு வரிசை, இன்னொரு வரிசை, நடுவுல ஒண்ணு. பத்துக்கு நாலு, பத்துக்கு நாலு. என் பாத்தி மாதிரியேதான்.

மகளைச் சேர்க்கப் போனப்போ, அறுத்துப் போட்டுட்டுப் போவோம்னு வீட்டுக்காரர் சொன்னாராம். இவங்கதான் வேண்டாம்னு தடுத்திருக்காங்க. கொஞ்சத்தை மட்டும் நிக்கவிட்டுப் பார்த்துட்டு மிச்சத்தை அறுத்திருக்கலாமேக்கான்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எதுக்குப் பார்க்கணும்? நீங்க சொன்னீங்கள்லா."

கோபமாச் சொல்லல. அதுதான் தாங்க முடியல. எனக்காவது அறுபது செடி வேண்டியிருந்துச்சு. இவங்களுக்கு நான் ஒருத்தி சொன்னது போதுமா இருந்திருக்கு.

சீட்டுக் கட்டின கதையைச் சொன்னேன். சொளகைக் கீழ வச்சாங்க. அப்ப நாங்க கட்டினதுதான் தப்பான்னு கேட்டாங்க. இல்லக்கா, எதுக்குக் கட்டுறோம்னு உங்களுக்கு நான் சொல்லவே இல்ல, வந்து நிக்கவும் இல்லன்னேன். அப்புறம் நானும் உட்கார்ந்து சாயந்திரம் வரைக்கும் கூட்டினேன். ஒரு படி தேறியிருக்கும், மண்ணு போக.

பிப்ரவரி 2, திங்கள்

காலையில முதல் வேலையா விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிட்டேன். கோமதிநாயகம் சார் யோசிச்சுச் செய்யும்மான்னார். அவர்கிட்ட வயலைப் பத்திச் சொன்னேன். இந்த ரகம் வெளியானா, வாங்குறவங்க யாரும் சந்தேகப்பட்டு அறுக்க மாட்டாங்க, நிக்கத்தான் விடுவாங்க. அதுக்காகத்தானே வாங்குவாங்க. அரைக் குறுக்கத்துல நடந்தது ஊர் ஊரா நடக்கும்.

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அப்போ பருத்திதான்னார். ஜூன்ல போகணுமாம். சரி சார்னேன். வெளியே வந்து பாத்ரூம்ல போய் அழுதேன். நல்லா அழுதேன். பதினோரு வருஷத்துக்கு அழுதது போதாதுதான்.

ஜெபசிங் என் மேஜையில ஒரு ஆரஞ்சுப் பழத்தை வச்சுட்டுப் போயிருந்தார். ஒரு வார்த்தை எழுதி வைக்கல. உரிச்சுத் தின்னேன், புளிப்பு.

பிப்ரவரி 3, செவ்வாய்

ராத்திரி படுத்தப்போ ஒண்ணு தோணுச்சு, அதுக்கப்புறம் தூக்கம் வரல.

மூடிக்கிற குணம் அடங்கிக் கிடக்கிற ஜாதி. அப்பன் வழி, ஆத்தா வழி ரெண்டு பக்கமும் அது இருந்தாத்தான் வெளியே தெரியும். வெளியே தெரிஞ்சுட்டா அந்தச் செடிக்குள்ள வெடிக்கிற குணம் ஒளிஞ்சிருக்க வழியில்ல. என் வயல்ல நிக்கவச்சுப் பார்த்தது ஒரே பாத்தி, அதுவும் சில நாள்தான். முத்துப்பேச்சியக்கா காட்டுல ஆயிரக்கணக்கான செடி வெயில்லயும் காத்துலயும் இத்தனை நாள் நின்னிருக்கு. இப்பவும் மூடியிருக்கிறது எதுவோ, அது நிஜமாவே மூடி. இவ்வளவு பெரிய மாதிரியை எந்த ஆராய்ச்சி நிலையமும் எனக்குக் கொடுத்திருக்காது.

ஐயோ, அவங்க நஷ்டத்துல நான் லாபம் பார்க்கிறேனே.

பிப்ரவரி 8, ஞாயிறு

முத்துப்பேச்சியக்கா காட்டுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன். ஜெபசிங்கும் வந்தார், நான் கூப்பிடல, அதாவது நேராக் கூப்பிடல. பழைய செருப்பைப் போட்டுக்கிட்டு வந்திருந்தார், இப்பவாவது புத்தி வந்துச்சே.

மூடின செடியை ஒவ்வொண்ணாப் பிடுங்கி, ஒவ்வொண்ணுக்கும் தனிப் பை. சேர்த்துப் போட்டா பழைய குழப்பம்தான். ஜூனுக்கு முன்னால ஒரு போகம் இறவையில போட்டுடலாம், எங்க நிலையத்துல முடியாதுன்னா இந்தக் காட்டுலயே போடலாம்னு முத்துப்பேச்சியக்காவே சொன்னாங்க. கிணத்துல தண்ணி இருக்காம். பூக்கிற சமயத்துல தேனீ புகாம துணி கட்டணும்னேன், பழைய சேலை கிடக்குன்னாங்க.

எத்தனை செடி வேணும்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஜெபசிங் கணக்குச் சொல்ல ஆரம்பிச்சார். இருங்க சார், எல்லாத்தையும் எடுத்துக்குவோம், கணக்கு அப்புறம்னேன்.

உச்சி வெயில்ல, பெருசா, நாலு கிளை விட்டு, அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரு காய்கூடத் திறக்காம நின்ன செடி ஒண்ணைப் பிடுங்கினேன். அப்படி ஒரு அழகு. அதைத் தலைகீழாப் பிடிச்சு உலுக்கிக் காட்டினேன். ஒரு விதை விழல. சந்தோஷத்துல பழைய குரல் வந்துருச்சு. பாருங்கக்கா, இதோட பிள்ளைக எப்பவும் வெடிக்காது, நான் சொல்றேன்னேன்.

முத்துப்பேச்சியக்கா அந்தச் செடியை என் கையிலிருந்து வாங்கினாங்க. திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. பையில போட்டு வாயைக் கட்டினாங்க.

"இருக்கட்டும் டாக்டரம்மா. விதைச்சு, நிக்கவிட்டுப் பார்ப்போம்."

அவங்க என்கிட்ட இப்படிப் பேசினதே இல்ல. சுருக்குன்னு வலிச்சுது, கண்ணுல தண்ணி வந்துருச்சு. சரிக்கான்னு சொல்லிட்டு அடுத்த செடிக்குப் போனேன்.